மைசூர்ச் சீமை – 14: சனி தாமதித்த பதினொரு மாதம்

1799 மே 4-ஆம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது. அதற்குப் பிறகு மைசூர்ச் சீமையில் அவசர அவசரமாக நடந்த வேலைகளில் ஒன்று நிலத்தை அளப்பது. பங்கு போட வேண்டும் அல்லவா? நிஜாமுக்குக் கொஞ்சம், கும்பினிக்குக் கொஞ்சம், மிச்சம் ஐந்து வயதுப் பிள்ளை மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாருக்கு. மெக்கன்சியும் லாம்டனும் சங்கிலியும் கோணமானியுமாக இறங்கிய கதையை முந்தைய இதழ்களில் பார்த்துவிட்டோம். அந்த அளவைக்காரர்களில் அதிகம் பேசப்படாத ஒருவர் லெப்டினன்ட் ஜான் வாரன். இந்த வாரம் அவர் பின்னாலேயே போகப் போகிறோம். போய்ச் சேரும் இடம் சனி கிரகம்.

ஐரிஷ் வேர் கொண்ட பிரெஞ்சுப் பிரபுக் குடும்பத்துப் பிள்ளை அவர். வேலை பார்த்தது பிரிட்டிஷ் 33-ஆம் காலாட்படையில். 1802-ல் மைசூரின் கிழக்கு எல்லையை அளக்கப் போனபோது, கோலார்ப் பக்கம் மண்ணில் தங்கம் கிடைப்பதாக ஊரார் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. காட்டுபவருக்கு வெகுமதி என்றார். கிராமத்தார் மாட்டுவண்டியில் மண்ணை ஏற்றி வந்து, அவர் கண் முன்னாலேயே அலசிப் பொன் துகளைக் காட்டினார்கள். கே.ஜி.எஃப். என்றதும் சினிமாவை நினைப்பவர்களுக்கு இந்த மாட்டுவண்டியையும் நினைவூட்டலாம். தங்கத்தைப் பற்றி அறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டு வாரன் தன் வழியே போனார். 1805-ல் சென்னை நுங்கம்பாக்கத்து வானாய்வகத்தின் பொறுப்பு அவருக்கு வந்தது. அங்கே பொறுப்பில் இருந்த கோல்டிங்ஹாம் விடுப்பில் போயிருந்த ஆறு வருஷமும் அவர்தான் அங்கே வானத்தைப் பார்த்தார்.

நெப்போலியன் வீழ்ந்த பிறகு பிரான்சுக்குப் போய், மறுபடி திரும்பிப் புதுச்சேரியில் குடியேறினார். அங்கேதான் அவருக்கு ஒரு கேள்வி பிடித்துக்கொண்டது. தொலைநோக்கியும் மடக்கை அட்டவணையும் வைத்துக்கொண்டு தான் செய்த கணக்கை, இந்த ஊர்ப் பஞ்சாங்கக்காரர்கள் திண்ணையில் உட்கார்ந்தபடி எப்படிச் செய்கிறார்கள்? விடை தேடி அவர் எழுதிய ‘கால சங்கலித’ என்ற பெரிய புத்தகம் 1825-ல் சென்னையில் அச்சானது. தென்னிந்தியரின் காலக்கணக்கு முறைகள் பற்றி ஐரோப்பிய மொழியில் வந்த நூல்களில் இவ்வளவு பொறுமையானது அதற்கு முன் இல்லை.

அந்தப் புத்தகத்தில் ஒரு மனிதர் வருகிறார். வாரனின் எழுத்துக்கூட்டலை வைத்துப் பார்த்தால் சாமிநாதன் சேஷய்யா என்று படிக்கலாம். புதுச்சேரியில் பஞ்சாங்கம் கணிப்பவர். 1825 மே 31 இரவு வரவிருந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டச் சொன்னார் வாரன். அவர் காகிதமோ ஓலையோ எழுத்தாணியோ கேட்கவில்லை. தரையில் சோழிகளை வைத்தார். கணக்குக்கு வேண்டிய அட்டவணை முழுவதும் அவருடைய வாயில் இருந்தது. சொற்களாக மனப்பாடம் செய்தது. ஒரு சொல்லைச் சொல்வார், அது ஓர் எண். அந்த எண்ணுக்குச் சோழிகள் இடம் மாறும். அடுத்த சொல், அடுத்த நகர்வு.

அந்தச் சொற்களின் சூட்சுமம் கடபயாதி. க என்றால் 1, ம என்றால் 5, ல என்றால் 3 என்று மெய்களுக்கு எண் கொடுத்து, வலமிருந்து இடமாகப் படிப்பது. ‘கமலம்’ என்றால் 351. இப்படிச் சந்திரனுக்கு மட்டும் 248 வாக்கியங்கள், நாளைக்கு ஒன்றாக. வாக்கியப் பஞ்சாங்கம் என்று நாம் சொல்வது இந்த வாக்கியங்களைக் கொண்டு கணிப்பதைத்தான்.

கிரகணம் வந்தது. சேஷய்யாவின் கணக்கில், கிரகணம் தொடங்கும் ஸ்பரிசத்துக்கு 4 நிமிஷப் பிழை, மத்தியத்துக்கு 23, முடியும் மோட்சத்துக்கு 52.

இதற்கு அரை நூற்றாண்டு முன்பு இதே புதுச்சேரியில் இன்னொரு பிரெஞ்சுக்காரர், லெ ஜாந்தி, இதே போன்றதொரு கணக்கைச் சோதித்திருந்தார். 1769-ல் சூரியனை வெள்ளி கடப்பதைப் பார்க்கவே கடல் தாண்டி வந்தவர். அன்று காலை மேகம் மூடிக்கொண்டது. பொழுதை வீணாக்காமல் தமிழர் கணிதம் படித்தார். 1765 ஆகஸ்டு 30 சந்திர கிரகணம் எவ்வளவு நேரம் நீடிக்கும் என்று தமிழ்க் கணக்கு சொன்னதற்கும் நடந்ததற்கும் 41 விநாடிதான் வித்தியாசம். ஐரோப்பாவின் மிகச் சிறந்த அட்டவணையான மாயருடையது 68 விநாடி பிசகியது. நம் பெருமை பேசுபவர்கள் இந்த 41-ஐ மட்டும் எடுத்துக்கொள்வார்கள். குறை சொல்பவர்களுக்கு அந்த 52 போதும். முதலாவது கிரகணம் நீடித்த நேரம், இரண்டாவது அது முடிந்த கடிகார நேரம். இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது என்பதை இரு தரப்பும் சொல்வதில்லை.

தன் ஆளுக்குக் கோட்பாடு ஒன்றும் தெரியாது, அபாரமான ஞாபகசக்தி மட்டும் உண்டு என்று வாரன் எழுதினார். இருக்கலாம். ஆனால் அந்த 248 என்ற எண்ணை எடுத்துப் பாருங்கள். சந்திரன் பூமியைச் சுற்றும்போது ஒரு சமயம் வேகமாகவும் ஒரு சமயம் மெதுவாகவும் போகிறது. அந்த வேகமாற்றம் ஒரு சுற்று முடிய 27.55 நாள். அப்படி 9 சுற்று முடிந்தால் 248 நாள், கால் மணி நேரம்கூட வித்தியாசம் இல்லை. வாக்கியக் கணிதத்தில் இன்னொரு எண்ணும் உண்டு: 3031. அது 110 சுற்று. பிழை ஒரு நிமிஷத்துக்கும் கீழே. எட்டேகால் வருஷத்துக்கு மேல் நீளும் ஒரு சுழற்சியை ஒரு நிமிஷத்துக்குள் பிடித்த எண் யாரோ ஒருவர் ஒரு ராத்திரி வானத்தைப் பார்த்து எழுதியதாக இருக்க முடியாது. இதே இரண்டு எண்களும் பாபிலோனியக் களிமண் பலகைகளிலும் இருக்கின்றன. சேஷய்யாவின் வாயிலிருந்து வந்தது இரண்டாயிரம் வருஷத்துச் சரக்கு.

*

சந்திரனை விட்டுச் சனிக்கு வருவோம். நீண்ட காலம் பார்ப்பது என்றால் என்ன என்று சனியைப் போலத் தெளிவாகச் சொல்லித் தருவது வேறொன்றும் இல்லை. மனிதர் வெறுங்கண்ணால் கண்ட கிரகங்களில் அதுதான் கடைசி, அதுதான் மந்தம். சராசரியாக ஒரு நாளைக்கு 2 கலைதான் (60 கலை ஒரு பாகை) நகரும். முழுநிலவின் அகலம் 30 கலை. அந்த அகலத்தைக் கடக்கவே சனிக்குப் பதினைந்து நாள். போதாததற்கு ஒவ்வொரு வருஷமும் நாலரை மாதம் வக்கிரம், பின்வாங்கிப் போகும்.

ஒரு நட்சத்திரத்துக்கு நேரே சனி வரும் நாளை வெறுங்கண்ணால் குறிக்கிறோம். 10 கலை பிசகினால் அது 5 நாள் பிழை. ஒரு முழுச் சுற்று முடிந்து அதே நட்சத்திரத்துக்கு அது திரும்ப 29 வருஷத்துக்கு மேல் ஆகும்; அப்போதும் 5 நாள் பிசகலாம். ஒரு சுற்றை மட்டும் வைத்துச் சனியின் காலத்தைச் சொன்னால் இரண்டு முனையும் சேர்ந்து பிழை 10 நாள் வரை போகலாம். ஆனால் பத்துச் சுற்றுக்கு முன்பு ஒருவர் எழுதி வைத்த குறிப்பு கையில் இருந்தால்? முனைகளில் பிசகு அதேதான், அதைப் பத்தால் வகுத்துவிடலாம். சுற்றுக்கு ஒரு நாள். முப்பது சுற்றுக்கு முந்தைய குறிப்பு என்றால் 8 மணி நேரம். கண் அதே கண். வக்கிரமும் அதே வக்கிரம்தான். எத்தனை சுற்று ஆனாலும் அது வளராது, சராசரி நடைதான் சேர்ந்துகொண்டே போகும். கருவியின் கூர்மையை நாள் செய்துவிடுகிறது. பழைய வானியலின் முழு பலமும் இதில் இருக்கிறது. பலவீனமும் இதில்தான்: பத்தாவது சுற்றின் முடிவில் பார்க்க ஓர் ஆள் வேண்டும்.

இந்தக் கணக்கு எங்கே தொடங்கியது என்று கேட்டால் மறுபடி மைசூருக்கு வரவேண்டும். 1905-ல் தஞ்சை ஜில்லாவைச் சேர்ந்த ஒரு பண்டிதர் மைசூர் அரசாங்கக் கீழ்த்திசை நூலகத்தில் ஓர் ஓலைக்கட்டைக் கொடுத்துவிட்டுப் போனார். கிரந்த எழுத்து. நூலகராக இருந்த ஷாமசாஸ்திரி பிரித்துப் பார்த்தார். பெயர் மட்டும் கேள்விப்பட்டிருந்த கௌடிலியரின் அர்த்தசாஸ்திரம். 1909-ல் அவர் அதை அச்சிட்டதும் நடந்த அமளி உலகறிந்தது, இந்தத் தொடரிலும் வரும். நமக்கு இப்போது வேண்டியது அதன் விவசாய அதிகாரி பற்றிய பகுதி. மழை எப்படி இருக்கும் என்பதைக் குருவின் இருப்பையும் நடையையும், சுக்கிரனின் உதயாஸ்தமனத்தையும் பார்த்துச் சொல்லலாம் என்கிறது அது. ஆக, கிரகங்களைப் பார்க்கிறார்கள். ஆனால் அதே நூலில் காலக்கணக்கு வரும் இடத்தில் இருப்பது சூரியனும் சந்திரனும் மட்டுமே: ஐந்து வருஷ யுகம்.

இந்த ஐந்து வருஷ யுகம் வேதாங்க ஜோதிஷத்தினுடையது. ஷாமசாஸ்திரிக்கு இதில் அப்படியொரு பிடிமானம். 1936-ல் வேதாங்க ஜோதிஷத்தையும் மொழிபெயர்ப்போடு மைசூரிலேயே பதிப்பித்தார். அதன்படி 5 வருஷத்துக்கு 1830 நாள், 62 சாந்திர மாதம். சந்திரனுக்கு இது பரவாயில்லை. யுகத்துக்கு ஒரு நாள்கூடப் பிசகாது. சூரியனுக்கு அப்படி இல்லை. உண்மையில் 5 வருஷம் என்பது 1826¼ நாள். நாற்பது வருஷத்தில் ஒரு மாதம் தப்பிப் போகும். பருவம் பார்த்து நடுவே யாரோ திருத்தியிருக்க வேண்டும். சனிக்கும் குருவுக்கும் கணக்குப் போட இந்த யுகம் போதாது. அதற்கு இன்னும் சில நூறு வருஷக் குறிப்புகள் சேரவேண்டியிருந்தது.

சேர்ந்த பிறகு வந்தவர் ஆரியபடர். கி.பி. 499-ஐத் தன் நூலில் குறித்தவர். 43,20,000 வருஷத்தில் சனி 1,46,564 சுற்று, குரு 3,64,224 சுற்று என்றார். வகுத்துப் பாருங்கள். குருவுக்கு 11.861 வருஷம், இன்றைய கணக்கு 11.862. சனிக்கு 29.475, இன்றைய கணக்கு 29.457. குருவில் கிட்டத்தட்ட அச்சாகப் பொருந்திவிட்டார். சனியில் சுற்றுக்கு ஏறக்குறைய ஒரு வாரம் அதிகமாகப் போட்டுவிட்டார். ஒரு சுற்றில் அது முழுநிலவின் பாதி அகலம்கூட இல்லை. ஒரு மனிதர் தம் ஆயுளில் சனியின் இரண்டு சுற்றைப் பார்ப்பதே அதிகம். அவர் கண்ணுக்கு இது தெரியாது. ஆனால் எண் வேலை செய்துகொண்டே இருக்கும்.

கி.பி. 683-ஐ ஒட்டிக் கேரளத்தில் ஹரிதத்தர் இந்த எண்களுக்குச் சிறு சிறு திருத்தம் கொடுத்தார். பரஹிதம் என்று அதற்குப் பெயர். சனியைக் கொஞ்சம் வேகப்படுத்தினார், போதவில்லை. அடுத்த பெரிய திருத்தம் வருவதற்கு 700 வருஷத்துக்கு மேல் ஆயிற்று. செய்தவர் பாரதப்புழை கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில், ஆலத்தூரில் வாழ்ந்த வடசேரி பரமேஸ்வரர்.

இந்த மனிதரைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். அவர் 55 வருஷம் தொடர்ந்து வானத்தைப் பார்த்தார் என்று பின்னால் வந்த நீலகண்ட சோமயாஜி எழுதியிருக்கிறார். சும்மா ஒரு புகழ்மொழி அல்ல இது. 1393 முதல் 1432 வரை தாம் கண்ட கிரகணங்களைப் பரமேஸ்வரரே தம் உரைநூல் ஒன்றில் குறித்திருக்கிறார். நம் பழைய நூல்களில் முடிவு இருக்கும், அட்டவணை இருக்கும். எந்த நாளில் எதைப் பார்த்தேன் என்ற குறிப்பு இருக்காது. சுவடியில் இடம் வீண் என்று நினைத்தார்களோ என்னவோ. இவர் எழுதினார். கிரகணத்தைத் தேர்ந்தெடுத்ததும் நல்ல யுக்தி: சூரியன், சந்திரன், ராகு மூன்றின் எண்களையும் ஒரே ராத்திரியில் அது சோதித்துவிடும், கடிகாரமே போதும். பஞ்சாங்கம் சொன்ன நேரத்துக்கும் நிழல் விழுந்த நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்து, கடைசியில் 1431-ல் ‘திருக்கணிதம்’ என்ற நூலில் பழைய எண்களை மாற்றினார். 499-லிருந்து 1431 வரை சனி 31 சுற்று சுற்றியிருந்தது. பத்தாவது சுற்றின் முடிவில் ஓர் ஆள் வேண்டும் என்றேனே, முப்பத்தோராவது சுற்றின் முடிவில் அவர் நின்றார்.

அவருடைய மகன் தாமோதரரிடம் படித்தவர் நீலகண்டர். 1500-ஐ ஒட்டி எழுதிய ‘தந்திர சங்கிரஹ’த்தில் புதன், வெள்ளி இரண்டின் நடையையும் வேறு விதமாக அமைத்தார். 1504-ல் எழுதிய ‘ஜோதிர் மீமாம்சை’யில் அதைவிடத் துணிந்த ஒன்றைச் செய்தார். சித்தாந்தங்களின் எண்கள் தெய்வம் கொடுத்தவை, அவற்றை மனிதர் தொடலாமா என்று கேட்டவர்களுக்கு நேரடியாகப் பதில் சொன்னார்: தெய்வம் கொடுப்பது தெளிந்த புத்தி, எண்ணைப் பார்த்துக் கண்டுபிடிப்பது நம் வேலை, ஒரு தலைமுறை பார்த்ததை அடுத்த தலைமுறை வானத்தோடு ஒத்துப் பார்த்துத் திருத்த வேண்டும். வைதிகரான ஒரு சோமயாஜி இதைச் சொன்னார் என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

தமிழ்நாட்டுக்கு இது எட்டாமல் இல்லை. வாக்கியப் பஞ்சாங்கத்துக்கு மூலமான ‘வாக்கிய கரண’த்துக்கு உரை எழுதிய சுந்தரராஜர் நீலகண்டரின் காலத்தவர், அவருக்குக் கேள்விகள் அனுப்பிப் பதில் வாங்கியவர். பதில்கள் வந்தன. வாக்கியங்கள் அப்படியே இருந்தன. மனப்பாடத்துக்கு ஒரு குணம் உண்டு: ஓரெழுத்தை மாற்றினாலும் எண் மாறிவிடும் என்பதால், எழுத்தைக் காப்பதே பெரிய வேலையாகிவிடும். முந்நூறு வருஷம் கழித்து வாரனின் முன்னால் சோழி வைத்தவர் ஓரெழுத்தும் பிசகாமல் சொன்னார். அந்த 52 நிமிஷத்துக்குக் காரணம் அவர் பிசகியது அல்ல.

*

இந்தப் பழைய எண்களுக்குப் பாரிசில் ஒரு வேலை வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். குரு வேகம் கூடுகிறது, சனி வேகம் குறைகிறது என்று பழைய குறிப்புகளோடு புதியவற்றை ஒப்பிட்ட கெப்ளரும் பிறகு ஹாலியும் கண்டிருந்தார்கள். அப்படியே போனால் சனி சூரியனை விட்டே விலகிவிடும், குரு உள்ளே விழுந்துவிடும். நியூட்டனின் ஈர்ப்பு விதி போதாதோ என்ற சந்தேகம் எழுந்தது. 1785-ல் லாப்லாஸ் முடிச்சை அவிழ்த்தார். குரு 5 சுற்றுக்கு 59.3 வருஷம், சனி 2 சுற்றுக்கு 58.9 வருஷம். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று. அதனால் ஏறக்குறைய ஒரே இடத்தில் மறுபடி மறுபடி ஒன்றையொன்று இழுத்து, ஒன்று வேகம் கொள்ளும், ஒன்று தளரும். சுமார் 900 வருஷத்தில் எல்லாம் பழையபடி.

900 வருஷ ஊசலைச் சோதிக்க யாரிடம் குறிப்பு இருக்கும்? லெ ஜாந்தி கொண்டுபோன தமிழ் அட்டவணைகள் அப்போது பாரிசில் இருந்தன. நாகப்பட்டினத்துக்கு மேற்கே ‘திர்வலூர்’ என்று பிரெஞ்சுக்காரர்கள் எழுதிய ஊரின் பெயரால் அவை வழங்கின. கலியுகத் தொடக்கமான கி.மு. 3102-க்குத் தம் கோட்பாட்டின்படி சனியின் ஆண்டு நடையைக் கணித்தார் லாப்லாஸ். இந்திய அட்டவணையோடு ஒரு விகலைதான் (கலையில் அறுபதில் ஒன்று) வித்தியாசம். பாயி என்ற வானியலர் துள்ளிக் குதித்தார்: ஐயாயிரம் வருஷத்துக்கு முன்பே இந்தியர்கள் சனியை அளந்துவிட்டார்கள்! லாப்லாஸ் பின்னால் நிதானித்துக்கொண்டு, அவ்வளவு பழமை இல்லை என்றார். அவர் நிதானித்தது சரி. ஊசல் 900 வருஷத்துக்கு ஒரு முறை திரும்புமானால், கி.மு. 3102-ல் இருந்த வேகம் ஐந்து ஊசலுக்குப் பிறகு கி.பி. 1400-ஐ ஒட்டியும் இருந்திருக்கும். ஓர் எண் பொருந்துகிறது என்பதை வைத்து அது எந்த நூற்றாண்டில் அளக்கப்பட்டது என்று சொல்லிவிட முடியாது.

ஆரியபடரின் அந்த ஒரு வாரம் என்ன ஆயிற்று? 2023-ல் அதைத் தமிழ்நாடே பார்த்தது, பலருக்கு இதுதான் என்று தெரியாமல். வானத்தில் காண்பதோடு ஒத்துக் கணிக்கும் இன்றைய திருக்கணிதப் பஞ்சாங்கப்படி அந்த வருஷம் ஜனவரி 17 அன்று சனி மகரத்திலிருந்து கும்பத்துக்குப் பெயர்ந்தது. பழைய எண்களிலேயே நின்றுவிட்ட வாக்கியப் பஞ்சாங்கத்தைப் பின்பற்றும் திருநள்ளாற்றில் சனிப்பெயர்ச்சி விழா டிசம்பர் 20 அன்று நடந்தது. நடுவே பதினொரு மாதம். எது சரி என்று தொலைக்காட்சிகளில் ஜோதிடர்கள் மோதிக்கொண்டார்கள். டிசம்பர் 20 மாலை தென்மேற்கு வானில் சனி, திருக்கணித எல்லைப்படி, கும்பத்துக்குள் 8 பாகை போயிருந்தது. சராசரி நடையில் 8 பாகை என்றால் 8 மாதம். இடையில் சனி வக்கிரத்தில் பின்வாங்கிய காலமும் சேர்ந்ததில் அது பதினொன்றானது. ஐம்பது சுற்றுக்கு மேலாக, சுற்றுக்குச் சில நாள் என்று சேர்ந்த பாக்கி அது.

இந்தப் பாக்கியைப் பஞ்சாங்கத்திலிருந்தே தீர்த்துவிட வேண்டும் என்று கிளம்பியவர், வாரன் இருந்த அதே நுங்கம்பாக்கத்து வானாய்வகத்தில் உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி. 1874-ல் சூரியனை வெள்ளி கடந்தபோது அவர் எழுதிய சிறுநூல் கன்னடத்திலும் வந்தது. அவருக்கும் வாக்கியக்காரர்களுக்கும் நடந்த வழக்கு அடுத்த இதழில்.